மில் நிறுத்தத்துக்கு ஒரு காரணம்

1

இந்தக் கதையை எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டது ஒரு பக்க விளக்கம்தான். என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், வேலை முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் மில் நிறுத்தத்தில் ஏன் இறங்குகிறார் என்பதை ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று வாசிக்க வேண்டும். நம்பும்படியான காரணம் சொல்லாவிட்டால் அவருக்கு வேலை போய்விடும். "நீதான் கதையெல்லாம் எழுதுறியே, ஒரு நல்ல காரணமா எழுதிக் குடுடீ" என்று அக்கா போனில் சொன்னாள். என் புத்தகங்களைச் சமையலறை அலமாரியின் மேல்தட்டில், யாருக்கும் எட்டாத உயரத்தில் பத்திரமாக வைத்திருப்பவள் அவள். என் எழுத்தால் ஒரு பிரயோஜனம் உண்டு என்று அவள் நினைத்தது இதுதான் முதல் தடவை.

உட்கார்ந்தேன். விளக்கம் வரவில்லை, கதை வந்து தொலைத்தது. கதை என்று ஆகிவிட்டால் அதற்கு ஒரு தொடக்கம் வேண்டுமே.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "மாலை வெயில் மில்லின் புகைபோக்கிமேல் சாய்ந்திருந்த வேளையில், களைத்த மனிதர் ஒருவர் பேருந்திலிருந்து —"

இதை இங்கேயே விடுகிறேன். வெயில் எதன்மேல் சாய்ந்தால் யாருக்கு என்ன?

அடுத்தது: "தொழில்நுட்பம் மனிதனின் நிழலாகிவிட்ட இன்றைய காலகட்டத்தில் —"

இப்படித் தொடங்குகிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். மைக்கைத் திருப்பித் தரவே மாட்டார்கள்.

மூன்றாவது: "என் அத்தான் நல்லவர்." இது உண்மை. ஆனால் ஒரு கதையின் முதல் வரியில் ஒருவரை நல்லவர் என்று சொன்னால், இரண்டாம் பக்கத்தில் அவர் யாரையாவது கொன்றிருக்க வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். (வாசகர்களை நான் குறைத்து எடைபோடுவதாகச் சிலர் குறைபட்டதுண்டு. சரியாகத்தான் போடுகிறேன்.)

ஆகவே தொடக்கம் கிடையாது. நடந்ததைச் சொல்கிறேன்.

3

எங்கள் நகரப் பேருந்துகளில் வாசலுக்கு மேலே ஒரு கேமரா வைத்திருக்கிறார்கள். ஏறும்போது உங்கள் முகத்தைப் பார்க்கும், இறங்கும்போதும் பார்க்கும். எங்கிருந்து எங்கே போனீர்கள் என்று குறித்துக்கொண்டு உங்கள் கணக்கிலிருந்து கட்டணத்தை எடுத்துக்கொள்ளும். 'டிக்கெட் எதற்கு, முகம் போதும்' என்று ஒவ்வொரு பேருந்தின் முதுகிலும் எழுதியிருக்கிறது. முகம் காட்ட விருப்பமில்லாதவர்கள் பழையபடி டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம், இரண்டு மடங்கு விலையில். அதாவது அந்தரங்கம் என்பது எல்லோருக்கும் பொதுவான உரிமை, கையில் காசு இருக்கிறவரைக்கும்.

இது நல்லதா கெட்டதா என்று ஊரே பேசியது. பேசத்தான் செய்தது, யோசித்ததாகத் தெரியவில்லை. அத்தான் போக்குவரத்துத் துறையின் திட்டப் பிரிவில் துணை அதிகாரி. எந்தத் தடத்தில் எந்த நிறுத்தம் இருக்கலாம், எதை எடுத்துவிடலாம் என்று முடிவு செய்வது அவர் மேசை. துறையில் கோபப்படாமல் பேசத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் அவரைத் தொலைக்காட்சி விவாதத்துக்கு அனுப்பினார்கள்.

அந்த விவாதத்தில் ஆறு பேர். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நெறியாளர் அதைக் 'காரசாரமான கருத்துப் பரிமாற்றம்' என்றார். கேமரா விற்ற நிறுவனத்திலிருந்து நீலச்சட்டை போட்ட ஒருவர் வந்திருந்தார். அவர் எதைக் கேட்டாலும் "தரவுக்கு உணர்ச்சி கிடையாது சார்" என்றார். ஏதோ உணர்ச்சி இருந்திருந்தால் அதைத் தனியாக விலை பேசியிருப்பார் என்பதுபோல. எதிர்ப்பக்கம் ஒரு வக்கீல். தனியுரிமைப் பாதுகாப்புப் பேரவை என்று ஒன்றை நடத்துகிறவர். அதன் தலைவர், செயலாளர், பெரும்பாலும் உறுப்பினரும் அவரே.

வக்கீல் அத்தானைப் பார்த்துக் கேட்டார். "ஊர்ல இருக்கிறவங்க போறது வர்றதையெல்லாம் பாக்குறீங்களே, நீங்க எங்க ஏறி எங்க இறங்குறீங்கன்னு ஊருக்குக் காட்டுவீங்களா?"

"தாராளமா காட்டுறேன்" என்றார் அத்தான். "நாளைக்கே எங்க வலைத்தளத்துல போடச் சொல்றேன். மறைக்கிற மாதிரி என்கிட்ட என்ன இருக்கு?"

அரங்கத்தில் கைதட்டல். வீட்டில் நானும் தட்டினேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

* கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் பழக்கம் அந்தத் துறைக்கு இருந்ததே இல்லை. குழி மூடுவோம் என்றது, கூரை போடுவோம் என்றது, எல்லாம் அப்படியே கிடக்கிறது. இதை மட்டும் மறுநாள் காலை அலுவலகம் திறந்ததும் முதல் வேலையாகச் செய்து முடித்துவிட்டார்கள்.

4

வலைத்தளத்தில் பார்த்தால், வீட்டிலிருந்து அலுவலகம் ஒரே ஓட்டம். அலுவலகத்திலிருந்து வீடு மட்டும் ஒரே ஓட்டமாக இல்லை. நடுவில் மில் நிறுத்தத்தில் இறங்குகிறார். வெகு நேரம் கழித்து அதே இடத்தில் இன்னொரு பேருந்தில் ஏறி வீட்டுக்குப் போகிறார். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, கேமரா வைத்த நாளிலிருந்து ஏறக்குறைய எல்லா மாலையும்.

மில் நிறுத்தத்தில் என்ன இருக்கிறது? மில் மூடி வெகுகாலம் ஆகிறது. நீளமான மதில், அதன் ஓரத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. ஒரு டயர் கடை. ஷட்டர் இறக்கிய ஸ்டூடியோ. எதிரே ஒரு லாட்ஜ்.

லாட்ஜ் என்று எழுதியவுடனே உங்களில் பாதிப் பேர் உள்ளே போய் அறைக் கதவைத் தட்டிவிட்டீர்கள். தெரியும். ஊரும் அதைத்தான் செய்தது.

வக்கீல் லாட்ஜ் வாசலில் நின்று ஒரு வீடியோ எடுத்துப் போட்டார். "தனிமனிதனின் அந்தரங்கம் புனிதமானது" என்று தொடங்கினார். "மாலை நேரத்தில் இந்தக் கட்டடத்துக்குள் ஓர் அதிகாரி யாரைச் சந்திக்கிறார்?" என்று முடித்தார். இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் அவருக்கு மூச்சு வாங்கக்கூட இல்லை. நீலச்சட்டை தன் பங்குக்கு அத்தானின் பயணங்களைச் சிவப்புப் புள்ளிகளாக வரைந்து ஒரு வரைபடமாக வெளியிட்டார், எங்கள் கருவி எவ்வளவு துல்லியம் பாருங்கள் என்று.

அதோடு முடிந்திருந்தால் வெறும் அவமானம். வக்கீல் இன்னும் தோண்டினார். மில் மூடியபோதே அந்த நிறுத்தத்தை எடுத்துவிடலாம் என்று திட்டப் பிரிவில் பேச்சு வந்திருக்கிறது. ஏறவும் இறங்கவும் ஆள் இல்லை. அதை எடுக்காமல் வைத்திருந்தது அத்தான். ஏன்? லாட்ஜ்காரரிடம் பணம் வாங்கினாரா, மில் நிலத்தில் பங்கா? ஊருக்குப் பேச ஒரு மாதத்துக்குப் போதும். துறை உடனே கையைக் கழுவிக்கொண்டு, கேமராவைப் பற்றி நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டத்தில் அவரே பொதுமக்களிடம் விளக்கம் சொல்லட்டும் என்றது.

* கூட்டத்துக்கு வந்து முகமறியும் கேமராவை எதிர்த்துப் பேச விரும்புகிறவர்கள் வாசலில் இருக்கும் கேமராவில் முகத்தைப் பதிந்துவிட்டு வர வேண்டுமாம். இதை நான் கற்பனையாகச் சேர்த்திருந்தால் மிகை என்று நானே அடித்திருப்பேன்.

5

சரி, காரணம். வேலையைப் பார்ப்போம்.

அவர் அங்கே ஒரு வைத்தியரைப் பார்க்கப் போகிறார் என்று எழுதினேன். வெளியே சொல்ல முடியாத நோய். வாசித்து முடிப்பதற்குள் கூட்டத்தில் நாலு பேர் கண்ணைத் துடைப்பார்கள். வக்கீல்கூடக் குரலைத் தாழ்த்திக்கொள்வார். ஆனால் மில் நிறுத்தத்தில் டயருக்குத்தான் வைத்தியம் கிடைக்கும், மனிதருக்குக் கிடைக்காது.

அடுத்து, ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார் என்று அரைப் பக்கம் ஓட்டினேன். பாதியில் எனக்கே குமட்டியது. நல்ல மனிதர்கள் எல்லாம் ரகசியமாக இலவச வகுப்பு நடத்துகிறவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தப் புண்ணியவான் முதலில் எழுதினாரோ, அவர்

(இந்த வாக்கியத்தை முடித்தால் சண்டை வரும்.)

மூன்றாவதாக எழுதியது கொஞ்சம் பரவாயில்லை. 'நிறுத்தத்தை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் முன், மாலை வேளைகளில் நேரில் அமர்ந்து மக்கள் நடமாட்டத்தைக் கவனித்து வந்தேன்.' துறைக்குப் பிடிக்கும் பொய். கடமை, நேரில், மக்கள் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வருகின்றன. இதைச் சுத்தமாகப் படியெடுத்தேன்.

எடுத்த பிறகுதான் உறுத்தியது. பொய் சொல்வதில் எனக்கு வெட்கம் கிடையாது, பிழைப்பே அதுதான். ஆனால் எதை மறைக்கிறேன் என்று தெரியாமல் எனக்குப் பொய் எழுதிப் பழக்கமில்லை. அத்தான் என்ற இந்தக் கதாபாத்திரம் அங்கே என்னதான் செய்கிறது? அக்காவுக்கும் தெரியவில்லை. "கேட்டா, ஒண்ணுமில்லன்னு சொல்றார். ஒண்ணுமில்லாததுக்கு யாராவது தினமும் பஸ்ஸ விட்டு இறங்குவாங்களா?" என்று அழுதாள்.

எனவே போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். வக்கீலைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு நானும் அதே பேருந்தைப் பிடித்தேன். முகத்தைக் காட்டினேன். பாதி விலை.

6

லாட்ஜ் வாசலில் இரண்டு பேர் செல்போனை நீட்டிக்கொண்டு நின்றார்கள். யார் உள்ளே போகிறார்கள், யார் வெளியே வருகிறார்கள் என்று நேரலையில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். யாரும் போகவில்லை, யாரும் வரவில்லை, அதையும் உற்சாகமாகத்தான் சொன்னார்கள்.

அவர்கள் முதுகுக்குப் பின்னால், சாலைக்கு இந்தப் பக்கம், சிமெண்ட் பெஞ்சில் அத்தான் உட்கார்ந்திருந்தார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நம்ப முடியவில்லை என்றால் விடுங்கள். தேடுகிறவர்கள் எதைத் தேட வேண்டும் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வந்துவிடுகிறார்கள்.

ஷூவைக் கழற்றி, சாக்ஸை அதற்குள் சுருட்டி வைத்து, வெறுங்காலைத் தரையில் ஊன்றியிருந்தார். பை மடியில். கையில் போன் இல்லை. ஒரு பேருந்து வந்து வேகம் குறைத்தது. போகச் சொல்லிக் கையைக் காட்டினார், போய்விட்டது. அவ்வளவுதான். வேறு எதுவும் நடக்கவில்லை. கதை எழுதுகிறவளுக்கு இதைவிட மோசமான காட்சி அமையாது.

நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீயுமா?" என்றார்.

"பஸ்ல வரலையா அத்தான்?"

"ஆபீஸ்லேருந்து நடந்து வந்தேன். பஸ்ல வந்தா புள்ளி விழுந்துடுமே."

"இப்பவும் வரணுமா? இவ்வளவு ஆனப்புறமும்?"

அவர் சாலையைப் பார்த்தபடியே சொன்னார். "ஆபீஸ்ல எல்லாரும் கேள்வி கேப்பாங்க. வீட்டுக்குப் போனா உங்கக்கா கேப்பா. தப்பாச் சொல்லல, அவ கேக்கறதுல ஒரு தப்பும் இல்ல. தண்ணி வரலன்னு சொல்வா, சாவியை எங்க வச்சீங்கன்னு கேப்பா. ரெண்டுக்கும் நடுவுல, என்கிட்ட யாரும் எதுவும் கேக்காத இடம் இது ஒண்ணுதான். அதான் இந்த ஸ்டாப்பை எடுக்க மனசு வரல."

"டிவியில சவால் விட்டப்ப இது ஞாபகம் வரலையா?"

"சத்தியமா வரல. ஏதாவது செஞ்சிருந்தாத்தானே ஞாபகம் வரும். நான் இங்க ஒண்ணும் செய்யறதில்லையே."

"அக்காகிட்ட இதைச் சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? உன் முகத்தைப் பாக்குறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் தனியா உக்காந்துட்டுத்தான் வர முடியுதுன்னா? பொம்பளை இருக்கான்னு சொன்னாக்கூட அவ தாங்கிப்பா, திட்டித் தீர்த்துடுவா. இதைத் தாங்க மாட்டா. நீ சொல்லிடாதே."

சொல்லமாட்டேன் என்றேன். அவர் சாக்ஸை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்தார். எதிரே லாட்ஜ் வாசலில், அதிகாரி இன்று வரவில்லை என்று ஒருவன் அறிவித்துக்கொண்டிருந்தான்.

7

சொல்லமாட்டேன் என்றேன், எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் இரண்டாவது பக்கம் ஒன்றை எழுதினேன். அத்தான் சொன்னது சொன்னபடி. பெஞ்சு, வெறுங்கால், யாரும் எதுவும் கேட்காத இடம். ஓர் அடித்தல்கூட இல்லாமல் வந்தது.

நன்றாக வந்த பக்கத்தை ஒளித்துவைக்க எழுதுகிறவர்களுக்குத் தெரியாது. பேருந்து வாசல் கேமராவாவது பார்த்ததைத் துறையிடம் மட்டும் சொல்கிறது. எங்களுக்கு வாசகர் வேண்டும். இரண்டு பக்கத்தையும் எடுத்துக்கொண்டு கூட்டத்துக்கு முந்தைய நாள் அக்கா வீட்டுக்குப் போனேன். முதல் பக்கத்தை மட்டும்தான் கொடுக்கப்போகிறேன் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன், அதை நானே நம்பவும் செய்தேன்.

8

அக்கா வீட்டிலிருந்தே ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு வேலை பார்க்கிறாள். படுக்கையறை மூலையில் மேசை, காதில் ஹெட்செட், பாலிசி காலாவதியானவர்களின் வசவுகளைக் கேட்டுக்கொள்ளும் உத்தியோகம். திரையின் ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரிகிறது. மவுஸைக் கொஞ்ச நேரம் தொடாவிட்டால் அது சிவப்பாகிவிடும். திரைமேல் உள்ள கேமரா அவ்வப்போது அவளைப் படமெடுத்து எங்கோ அனுப்புகிறது, ஆள் இருக்கிறாளா என்று பார்க்க. பாத்ரூம் போனால் என்ன காரணத்துக்காக எழுந்தாள் என்று ஒரு பொத்தானை அழுத்திவிட்டுப் போக வேண்டும். வருடக்கணக்காக இப்படித்தான். நான் எத்தனையோ தடவை அந்தக் கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். இதற்காக ஒரு தொலைக்காட்சியிலும் ஆறு பேர் உட்கார்ந்து கத்தவில்லை. வக்கீல் அந்தப் படுக்கையறைக்கு வந்து வீடியோ எடுக்கவில்லை. நானும் ஒரு வரி எழுதவில்லை.

ஒரு கையால் மவுஸை ஆட்டிக்கொண்டே இன்னொரு கையால் முதல் பக்கத்தை வாங்கிப் படித்தாள். "நேரில் அமர்ந்து மக்கள் நடமாட்டத்தை... ம். நல்லாருக்கு. இதை நம்பிடுவாங்க." பிறகு என் பையைப் பார்த்தாள். "அது என்ன இன்னொண்ணு?"

"அது வேற, சும்மா எழுதிப் பாத்தது."

"குடு."

கொடுத்தேன். கொஞ்சம் தயங்கிவிட்டுக் கொடுத்தேன் என்று எழுதத்தான் ஆசை.

அவள் படித்தாள். முடித்துவிட்டு மறுபடி மேலேயிருந்து படித்தாள். மவுஸிலிருந்து கையை எடுத்தது அவளுக்கே தெரியவில்லை. புள்ளி சிவப்பானது. ஹெட்செட்டில் யாரோ கூப்பிடும் சத்தம் எனக்கே கேட்டது. அவள் அதைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

அழுவாள், அல்லது கத்துவாள் என்று காத்திருந்தேன். இரண்டுக்கும் எழுதுகிறவளிடம் வாக்கியங்கள் தயாராக இருக்கும்.

"தினமும் அங்கதான் உக்காந்திருந்தாரா?"

"ம்."

"ஒண்ணும் பண்ணாம?"

"ஒண்ணும் பண்ணாம."

"கோபம் வரணும், இல்ல?" என்றாள். "வரலடீ. பொறாமையாத்தான் இருக்கு. இத்தனை நாள் அவருக்கு ஒரு பெஞ்சு இருந்திருக்கு." பக்கத்தை மடித்தாள், பிரித்தாள். "என்னையும் ஒரு நாள் கூட்டிட்டுப் போயிருக்கலாம். நான் என்ன கேக்கப்போறேன். பக்கத்துல பேசாம உக்காந்திருப்பேன், அவ்வளவுதானே."

ஊரை, வக்கீலை, நீலச்சட்டையை எல்லாம் இவ்வளவு இளக்காரமாக எழுதிக்கொண்டு வந்தவள், என் சொந்த அக்கா எங்கே உட்காருவாள் என்று ஒரு தடவையும் யோசித்ததில்லை.

9

இப்போது முடிவு. கூட்டம் நாளைக் காலை. அத்தானின் வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டுக் கதவின் கொக்கியில் தொங்குகிறது. அதன் பையில் ஒரு பக்கம்தான் இருக்க வேண்டும். முதல் பக்கம் வேலையைக் காப்பாற்றும். புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றும் தெரியாதவர்களாகப் பழையபடி சாவியையும் தண்ணீரையும் பற்றிப் பேசிக்கொண்டு வாழலாம். இரண்டாவது பக்கம் வாசிக்கப்பட்டால் தன் சௌகரியத்துக்காக அரசாங்க நிறுத்தத்தை வைத்துக்கொண்டவர் என்று வேலை போகும். பெண்டாட்டி முகத்துக்குப் பயந்து பெஞ்சில் ஒளிந்தவர் என்று ஊர் சிரிக்கும். ஆனால் அதைச் சட்டைப்பையில் பார்க்கும்போது, அக்காவுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.

எதை வைக்கலாம் என்று அக்கா என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கதைக்கு எது நல்லதோ அதைச் சொல்லியிருப்பேன். அவளுக்கு அது தெரிந்திருக்கிறது.

அவள் இரண்டு பக்கத்தையும் எடுத்துக்கொண்டு சட்டையிடம் போனாள். அங்கிருந்தே என்னைத் திரும்பிப் பார்த்தாள். போ என்று சொல்லவில்லை, பார்த்தாள்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சுவரில் ஓர் ஆணியும் அதில் எதுவோ மாட்டியிருந்ததற்கான அழுக்கும் இருந்தன, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் காகிதம் மடிக்கும் சத்தம், பிறகு கிழிக்கும் சத்தம். திரும்பிப் பார்த்திருந்தால் இந்தக் கதைக்கு ஒரு முடிவு கிடைத்திருக்கும். பார்க்கவில்லை.

நாளைக்குக் கூட்டத்தை எல்லாச் சானலிலும் காட்டுவார்கள். எந்தப் பக்கம் என்று தெரிந்தே ஆக வேண்டும் என்றால் டிவியைப் போட்டுப் பாருங்கள், உங்களை யார் தடுக்கப்போகிறார்கள். நான் அந்த நேரத்தில் அக்காவின் மேசையில் உட்கார்ந்து அவளுக்குப் பதிலாக மவுஸை ஆட்டிக்கொண்டிருப்பேன். கேமராவில் என் முகம் விழும், விழட்டும். அவள் காலையில் கொஞ்ச நேரம் வெளியே போய்விட்டு வர வேண்டும் என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை.